கடிதங்களில் காணும் சிதம்பரனார்

கடிதம் என்பது இருவருக்குள் நடக்கும் பேச்சு. எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் மற்றொருவர். நூறாண்டு கழித்து மூன்றாமவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் படிப்பார் என்று எழுதும்பொழுது யாரும் எண்ணுவதில்லை. ஆதலால்தான் மேடைப் பேச்சிலும் அரசாங்க அறிக்கையிலும் கிடைக்காத சில செய்திகள் கடிதங்களில் கிடைக்கின்றன. ஒருவருடைய கைப்பணம் எவ்வளவு, அன்றைய கவலை எது, யாரை நம்பினார், யாரிடம் உதவி கேட்கக் கூசினார் என்பவற்றையெல்லாம் பிறருக்காக எழுதப்பெறும் வாழ்க்கை வரலாறு விட்டுவிடுவதுண்டு. கடிதம் அவற்றைத் தன்னையறியாமல் சொல்லிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வணிகர்களும் ஊர்த்தலைவர்களும் தாம் அனுப்பிய கடிதங்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் என்பவரை நீங்கள் அறிவீர்கள். அவரே 1780ஆம் ஆண்டில் கடிதங்களை நகலெடுக்கும் அழுத்துப்பொறி ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றார். சிறப்பு மையால் எழுதிய கடிதத்தின்மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்துகள் அத்தாளில் இடம் வலம் மாறிப் பதியும். தாள் மிக மெல்லியது. ஆதலால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்கலாம். இவ்வாறு சேர்ந்த நகற் புத்தகங்கள் அந்நாட்டு நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு நகரத்தின் பாலமும் பள்ளியும் வங்கியும் எப்படி எழுந்தன என்பதை அவற்றைக் கொண்டே அங்கு எழுதுகிறார்கள்.

நம் நாட்டிலும் கடிதங்கள் இருந்தன. எங்கள் வாடிப்பட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வளைத்த கம்பி ஒன்று சுவரில் தொங்கும். வந்த கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் குத்தி வைப்பார்கள். சம்பந்தம் பேசிய கடிதமும், நெல் மண்டியிலிருந்து வந்த கணக்கும், கொழும்பிலிருந்தோ இரங்கூனிலிருந்தோ வந்த அஞ்சலட்டையும் ஒரே கம்பியில் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் கம்பியோடு கழற்றி எரித்துவிடுவதும் உண்டு. எரிந்தது போக மிஞ்சியதே நமக்கு வரலாற்றுச் சான்று. அப்படி மிஞ்சிய கடிதங்களுள் ஒருசிலவற்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவை தூத்துக்குடி வ.உ.சிதம்பரனாருடையவை.

சிதம்பரனாரை நீங்கள் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று அறிவீர்கள். 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழில் செய்தவர். தொழிலாளர் பக்கம் நின்றவர். தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்வியும் பழக்கமும் அவரை உருவாக்கின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவருடைய பெருஞ்செயல்கள் நிகழ்ந்தன. அச்செயல்களைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொண்டால்தான் கடிதங்களின் பொருள் விளங்கும்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர்கள் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார். அக்கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவர்களாக இருந்தவர்கள் ஹார்வி சகோதரர்கள். இவர்களே தூத்துக்குடியில் கோரல் ஆலையையும், 1892இல் நம் மதுரையில் பஞ்சாலையையும் நிறுவியவர்கள். சரக்கும் ஆளும் கடலைக் கடக்க வேண்டுமானால் அவர்கள் சொன்ன கட்டணமே கட்டணம். இந்நிலையை மாற்றச் சிதம்பரனாரும் வணிகர் சிலரும் முனைந்தனர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் ஆகியோருக்கே பங்குகள் உரியவை என்று வைத்தனர். கப்பல் விடுவதோடு நில்லாமல், நம்மவர்க்குக் கப்பல் நடத்தவும் கட்டவும் பயிற்சி தருவதும் நோக்கமாக எழுதப்பட்டது.

இதில் மதுரைக்கும் பங்குண்டு. 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரே கம்பெனியின் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். அதன் மதிப்பு இரண்டு லட்சம் ரூபாய் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சிதம்பரனார் துணைச் செயலாளர். பதவிப் பெயரில்தான் துணை; பங்கு சேர்த்தவரும், பம்பாய் வரை அலைந்து கப்பலுக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. 1907இல் ‘காலியோ’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

பின்னர் நடந்தவற்றைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் நடந்தது. சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளிவந்தார். அதற்குள் கம்பெனி கலைந்துவிட்டது. கப்பல் விலைக்குப் போயிற்று. வழக்கறிஞர் உரிமமும் இல்லை. குடும்பத்தோடு சென்னையில் குடியேறினார்.

பெரும்பாலான பாடப் புத்தகங்கள் இங்கே அவரை விட்டுவிட்டு, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்த செய்திக்குத் தாவிவிடும். இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் எப்படி உயிர் வாழ்ந்தார்? இக்கேள்விக்கு விடை கூறுவன அவருடைய கடிதங்களே.

நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், சிதம்பரனார் பாடம் முடிந்ததும் மாணவரில் யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “ஐயா, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்கென்று பணம் கொடுத்தார்களாம். காந்தி அதை அவரிடம் கொடுக்கவே இல்லையாமே, உண்மையா?” பெரியவர்கள் வீட்டில் பேசிக்கொண்டது மாணவர் வாயில் வரும். அரசியல் மேடைகளிலும் இப்பேச்சு வெவ்வேறு காலங்களில் எழுந்ததுண்டு. இக்கேள்வியை ஆசிரியர் கடிந்து அடக்கிவிடலாகாது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடவும் கூடாது. கேட்கப்படுவது பெரிய மனிதர் ஒருவருடைய நேர்மை. இன்னொரு பெரிய மனிதருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் அநீதி. இதற்குச் சான்று வேண்டும். சான்று இருக்கிறது.

சான்றைத் தேடித் தொகுத்தவர் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி. மிக இளம் வயதிலேயே, 1984ஆம் ஆண்டில், அவர் ‘வ.உ.சி. கடிதங்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். காந்தியடிகளுக்கும் சிதம்பரனாருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து அண்மையில், 2021இல், தனி நூலாகவே எழுதினார். அவ்வாராய்ச்சியால் தெரியவரும் செய்தியை என் சொற்களில் கூறுகிறேன்.

காந்தியடிகள் 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பினார். அங்கே அவர் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் தொகை பெரிது. 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனால் தமிழ்நாட்டின்மீது அடிகளுக்குத் தனிப் பற்று இருந்தது. 1915 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவில், பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கினார். ஊரே அவரைக் காண வந்தது. மயிலாப்பூரில் குடியிருந்த சிதம்பரனாரும் தனித்துச் சந்திக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அப்பொழுது அடிகளுக்கு வயது நாற்பத்தைந்து, சிதம்பரனாருக்கு நாற்பத்திரண்டு. இருவரும் வழக்கறிஞர்கள். இருவரும் சிறை கண்டவர்கள். கடிதங்கள் ஆங்கிலத்தில் நடந்தன.

அடிகள் விரைவில் விடை எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சில நிமிடம் ஒதுக்க முடியும் என்பது அவ்விடையின் கருத்து. இதற்குச் சிதம்பரனார் எழுதிய மறுமொழிகளில் ஒரு செய்தி வருகிறது. மயிலாப்பூரிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வர அவருக்கு இருந்த ஒரே வாகனம் டிராம் வண்டி. அது காலை ஐந்தரை மணிக்குப் பிறகுதான் புறப்படும். ஆகவே குறித்த நேரத்துக்குச் சற்றுப் பிந்தி வர நேரும் என்று அவர் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறார். வேறு வண்டி வைத்துக்கொள்ளத் தம் நிலையில் இயலாது என்பதையும் மறைக்கவில்லை.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். சென்னையில் டிராம் வண்டிகள் 1895 முதல் 1953 வரை ஓடின. அதில் ஏறுவது இழிவன்று. ஆனால் எட்டாண்டுகளுக்கு முன் கடலில் இரண்டு நீராவிக் கப்பல்களை ஓடவிட்டவர், விடியற்காலை டிராம் எப்பொழுது புறப்படும் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பட்ட வறுமையைப் பற்றி எத்தனையோ பேர் உருக்கமாகப் பேசியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி சொல்லும் அளவுக்கு அவை சொல்லவில்லை. அவர் தம் வறுமையைச் சொல்ல அந்த வரியை எழுதவில்லை. காலந்தவறினால் மரியாதைக் குறைவாகுமே என்றுதான் எழுதினார்.

இதே கடிதப் போக்குவரத்தில்தான் பணம் பற்றிய பேச்சு எழுகிறது. அதை எழுப்பியவர் சிதம்பரனார் அல்லர், காந்தியடிகளே. தென்னாப்பிரிக்காவில் சிதம்பரனாருக்கென்று சேர்த்த பணம் அவருக்கு வந்து சேர்ந்ததா என்று அடிகள் கேட்கிறார். வரவில்லை என்பது சிதம்பரனாரின் விடை. தென்னாப்பிரிக்க நண்பர்கள் சிலர் தம் குடும்பத்துக்கு உதவி வருவதையும் அவர் குறிப்பிடுகிறார். அன்போடு கொடுக்க முன்வரும் பணத்தை வேண்டா என்று மறுக்கும் நிலையில் தாம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் தெரிவிக்கிறார்.

பணம் உடனே வரவில்லை. அந்தப் பணத்தின் கணக்கு தென்னாப்பிரிக்காவில் இருந்தது. எவ்வளவு சேர்ந்தது, கொடுத்தவர் யார் யார் என்பதை அங்கே எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொதுப்பணத்துக்குக் காசு காசாகக் கணக்கு வைப்பதில் காந்தியடிகள் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது உலகறிந்த செய்தி. நடாலுக்குக் கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வர வேண்டும். முதல் உலகப் போரும் நடந்துகொண்டிருந்தது. அடிகளோ 1915 மே மாதத்தில் அகமதாபாத்தில் ஆசிரமத்தைத் தொடங்கி, நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்தார். இவை தாமதத்துக்குக் காரணங்கள். மறுபுறம், மயிலாப்பூரில் காத்திருந்தவரின் நிலையையும் நாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வீட்டு வாடகையும் அரிசிக் கடைக் கணக்கும் வந்து நிற்கும். கணக்கு முடியட்டும் என்று அவை காத்திரா. சிதம்பரனார் நினைவூட்டி எழுதுகிறார். மதிப்புக் குறையாமலும் குரல் உயராமலும் எழுதுகிறார். கடன் கேட்டுப் பழகாத ஒருவர், தமக்கு உரிய பணத்தையே கேட்டு எழுதும்பொழுது எத்தனை முறை பேனாவைக் கீழே வைத்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இக்கடிதங்கள் 1915ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடிகள் பணத்தைப் பற்றிக் கேட்டதும், சிதம்பரனார் வரவில்லை என்றதும், மாதங்கள் கடந்ததும் மட்டுமே நம் கையில் இருக்கும். பணம் கொடுக்கப்படவில்லை என்ற முடிவுக்கே யாரும் வந்திருப்பர். மக்கள் பேச்சும் அவ்விடத்தில்தான் நின்றுவிட்டது. ஆனால் 1916 பிப்ரவரித் தொடக்கத்தில் சிதம்பரனார் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஸ்ரீமான் காந்தியிடமிருந்து 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது என்று அதில் அவரே தெரிவிக்கிறார்.

ஒரே ஒரு கடிதம். அதில் ஒரு தொகை. நீண்ட காலம் நிலவிய ஐயம் அதனால் தீர்ந்தது. யாருக்குப் பணம் வர வேண்டுமோ, அவரே தம் கையால், பணம் அனுப்பியவருக்கு அன்றி வேறொருவருக்கு எழுதியிருக்கிறார். அனுப்பியவரின் மனம் மகிழ வேண்டும் என்ற நோக்கம் அங்கே இல்லை. தமக்கு ஆதாயமும் இல்லை. இத்தகைய சான்றையே வரலாற்றாசிரியர்கள் மிக நம்புவர். அடுத்த முறை ஒரு மாணவர் எழுந்து அக்கேள்வியைக் கேட்டால், ஆசிரியர் கோபம் கொள்ள வேண்டியதில்லை. “தாமதமாயிற்று; ஆனால் வந்து சேர்ந்தது; பெற்றுக்கொண்டவரே எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிடலாம்.

அத்தொகையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இக்கால மாணவர்களுக்கு அணா தெரியாது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தான் ரூபாய் நூறு புதிய காசுகளாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே 12 அணா என்பது முக்கால் ரூபாய். சுதேசிக் கப்பல் கம்பெனியின் ஒரு பங்கு 25 ரூபாய் என்று முன்னே கண்டோம். பதினான்கு பங்குக்கு 350 ரூபாய் ஆகும். சிதம்பரனார் பல மாதங்கள் காத்திருந்து பெற்ற பணம் பதினான்கு பங்கின் விலைக்கு இரண்டேகால் ரூபாய் குறைவு. நாற்பதாயிரம் பங்குகளை விற்க ஊர் ஊராகச் சென்றவரின் வாழ்க்கையில் இந்தக் கணக்கும் வருகிறது. இதைப் பள்ளியில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். வகுப்பில் ஓசை அடங்கிவிடும்.

அந்த 12 அணாவை இன்னொரு வகையிலும் பாருங்கள். நன்கொடை கொடுக்கும் பெரியவர் ஒருவர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் முந்நூறு என்றோ முந்நூற்றைம்பது என்றோ முழுத் தொகையாகக் கொடுப்பார். முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய், அதன்மேல் பன்னிரண்டு அணா என்று சில்லறையாக வந்த தொகை, பல பேர் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சேர்ந்ததைக் காட்டுகிறது. கொடுத்தவர்கள் யார்? கடல் கடந்து நடாலுக்குச் சென்ற தமிழர்கள். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களும் அவர்கள் வழியினரும் அங்கே நிறைந்திருந்தனர். தமிழ்நாட்டில் ஒருவர் சுதேசிக் கப்பல் விட்டுச் சிறைப்பட்டார் என்ற செய்தி அவர்களை எட்டியிருக்கிறது. அவர்கள் கொடுத்த அணாக்கள் கணக்குத் தவறாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. வெற்றி விழாவும் ஊர்வலமும் இல்லாத வரலாறு இது. ஆயினும் வரலாறே.

கடிதங்களைக் கொண்டு வரலாறு எழுதுவதில் கவனிக்க வேண்டிய சில முறைகளையும் கல்லூரி மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒரு கடிதத்தை மட்டும் படித்து முடிவு கட்டலாகாது. அதற்கு முன் வந்ததையும் பின் போனதையும் தேட வேண்டும். ஒருவருக்கு வந்த கடிதம் அவர் வீட்டில் இருக்கும். அவர் எழுதியதோ பிறர் வீட்டில் இருக்கும். இரண்டு வீடுகளும் காத்து வைத்திருந்தால்தான் முழு உரையாடல் கிடைக்கும். இரண்டாவது, நாளும் ஊரும் குறித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1915 ஏப்ரலில் எழுதியதும் 1916 பிப்ரவரியில் எழுதியதும் இடம் மாறிவிட்டால் பொருளே தலைகீழாகும். மூன்றாவது, யாருக்கு எழுதியது என்பதை நோக்க வேண்டும். மனிதர் கடன் கொடுத்தவருக்கு எழுதுவது ஒருவகை, நண்பருக்கு எழுதுவது வேறுவகை. நான்காவது, நாம் விரும்பும் வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாகாது. சிதம்பரனாரை உயர்த்துவதற்காகக் காந்தியடிகளைத் தாழ்த்த வேண்டியதில்லை. அடிகளின் பெருமையைக் காப்பதற்காகச் சிதம்பரனார் காத்திருந்த மாதங்களை மறைக்க வேண்டியதும் இல்லை. இரண்டும் கடிதங்களில் இருக்கின்றன. இரண்டையும் சொல்ல வேண்டும்.

சிதம்பரனாரின் வாழ்க்கை வறுமையோடு மட்டும் முடிந்ததாக எண்ணிவிடவும் கூடாது. சிறையிலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ‘மெய்யறம்’ இயற்றினார். வெளிவந்தபின் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், நல்லது செய்த ஆங்கிலேயரின் பெயரைத் தம் குடும்பத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய பகை எதனோடு, எதனோடு இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

இத்தனைக்கும் சான்றுகள் எரியாமல் எஞ்சின என்பது நம் நற்பேறு. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். அவர் பெயரால் சென்னையில் விளங்கும் நூல்நிலையத்தில் அவை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அது அவருடைய பழக்கத்தால் விளைந்த பயன். மற்றப் பெரியோர் வீடுகளில் எவ்வளவு போயிற்றோ, அதற்குக் கணக்கில்லை. மதுரை மாணவர்கள் தமுக்கம் அருகிலுள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறையாவது செல்ல வேண்டும். இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959ஆம் ஆண்டு பண்டித நேரு திறந்துவைத்த அவ்விடத்தில், அடிகள் வாழ்க்கையின் நினைவுப் பொருள்களைக் காணலாம். மேடையில் பேசிய காந்தியடிகளை மட்டும் அறிந்தவர்கள், நாள்தோறும் கடிதங்களுக்கு விடை எழுதிக்கொண்டிருந்த காந்தியடிகளையும் அங்கே நினைத்துப் பார்க்கட்டும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வாழ்நாளெல்லாம் ஆசிரியனாக இருந்தவன் வேலை தராமல் பேச்சை முடிப்பது எப்படி? விடுமுறையில் உங்கள் பாட்டன் பாட்டியிடம் சென்று, பழைய தகரப்பெட்டியில் கடிதங்கள் உள்ளனவா என்று கேளுங்கள். பட்டாளத்திலிருந்து வந்தது இருக்கலாம். மலேயாவிலிருந்து வந்தது இருக்கலாம். வைகைப் பாசனத்துக்கோ பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீருக்கோ ஊரார் கூடி எழுதிய மனுவின் நகல் இருக்கலாம். பெரியவர்களின் இசைவு பெற்று அவற்றைத் தூசி தட்டி எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகக் குறியுங்கள்: எந்த நாள், யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்த ஊரிலிருந்து, என்ன செய்தி. மையில் நீர் படாமலும் தாள் மடிப்பில் கிழியாமலும் காகித உறையில் வையுங்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய செய்தி எதுவும் இருந்தால் அதை வெளியே சொல்லாமல் காப்பதும் வரலாற்று மாணவரின் கடமையே. வெள்ளையடிக்கும் நாளில் கம்பியோடு கழற்றி எரிக்க யாராவது முற்பட்டால், நீங்கள் குறுக்கே நின்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.